ஜோன் லிட்டில்வுட்: குழுவாய் நின்ற அரங்கு

இருபதாம் நூற்றாண்டின் ஆங்கில நாடக வரலாற்றை எழுதுவோர் 1956ஆம் ஆண்டு மே 8ஆம் நாளை ஒரு எல்லைக்கல்லாகக் கொள்வது வழக்கம். லண்டனின் ராயல் கோர்ட் அரங்கில் ஜான் ஆஸ்பர்னின் ‘லுக் பேக் இன் ஆங்கர்’ முதன்முறையாக மேடையேறியது அன்றுதான். அதற்கு 16 நாட்கள் கழித்து, நகரின் கிழக்குக் கோடியில் ஸ்ட்ராட்ஃபோர்ட் என்னும் தொழிலாளர் குடியிருப்புப் பகுதியில், பூச்சு உதிர்ந்துகொண்டிருந்த ஒரு பழைய அரங்கில், டப்ளினைச் சேர்ந்த பிரெண்டன் பீஹனின் ‘தி க்வேர் ஃபெல்லோ’ அரங்கேறியது. முதல் நாடகம் நல்ல நாற்காலிகளும் மெல்லிய குரல்களும் கொண்ட நடுத்தர வர்க்க மேடையில் ஒரு கோபக்கார இளைஞனைக் கொண்டுவந்து நிறுத்தியது என்றால், இரண்டாவது நாடகம் அந்த மேடையின் பேச்சையும் நடையையும் அது உருவாகும் முறையையுமே மாற்றிவிட்டது. ஆயினும் பாடநூல்களில் முதலாவதே நிலைபெற்றது. இரண்டாவதை உருவாக்கிய ஜோன் லிட்டில்வுட்டின் பெயர் நெடுங்காலம் அடிக்குறிப்புகளிலேயே தங்கியிருந்தது.

இந்தப் புறக்கணிப்புக்கு ஒரு காரணம், அவருடைய பங்களிப்பைத் தனி நூலாகவோ தனிப் பெயராகவோ எடுத்துக் காட்ட முடியாதிருப்பதாகும். ஆஸ்பர்ன் ஒரு பிரதியை விட்டுச் சென்றார். லிட்டில்வுட் தம் வாழ்நாளின் முப்பது ஆண்டுகளைச் செலவிட்டது ஒரு நாடகக் குழுவைக் கட்டுவதற்கு. அக்காலத்து லண்டன் வணிக மேடையில், ஒரு தயாரிப்பாளர் ஒரு நாடகத்துக்கென நடிகர்களை அமர்த்தி, சில வாரம் ஒத்திகை நடத்தி, வசூல் குறைந்ததும் அனைவரையும் கலைத்துவிடுவது நடைமுறையாக இருந்தது. அதற்கு மாறாக, ஒரே நடிகர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்து, சேர்ந்து பயின்று, இன்று அரசனாகவும் நாளை வாயிற்காவலனாகவும் நடித்து, தங்களுக்குள் ஒரு பொது மொழியை வளர்த்துக்கொள்ளும் நிலையான குழுவே நல்ல நாடகத்தின் முதல் தேவை என்பது லிட்டில்வுட்டின் உறுதியான கொள்கை. அக்குழுவைத் தாங்க அரசு முன்வரவில்லை. அதனால் அது வெற்றிபெறத் தொடங்கிய பின்னர், வெற்றியே அதைக் கலைத்தது. அவர் வாழ்க்கையின் சாதனையும் துயரமும் இந்த ஒரே முடிச்சில் அடங்கியிருக்கின்றன.

ஸ்டாக்வெல்லிலிருந்து மான்செஸ்டருக்கு

ஜோன் மாட் லிட்டில்வுட் 1914 அக்டோபர் 6 அன்று தெற்கு லண்டனின் ஸ்டாக்வெல் பகுதியில் பிறந்தார். அவருடைய தாய் வீட்டு வேலை செய்துவந்த, மணமாகாத இளம்பெண். குழந்தையை வளர்த்தவர்கள் பாட்டனும் பாட்டியும். புத்தகம் நிறைந்த வீடு அன்று என்றாலும் படிப்பில் ஆர்வம் மிகுந்த சிறுமியாக வளர்ந்த அவர், உதவித்தொகை பெற்று ராயல் அகாடமி ஆஃப் டிராமாட்டிக் ஆர்ட் என்னும் புகழ்பெற்ற நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார். செல்வந்தர் வீட்டுப் பெண்கள் உச்சரிப்பையும் நடையையும் மெருகேற்றிக்கொள்ள வரும் இடமாகவே அப்பள்ளி அவருக்குத் தோன்றியது. அங்கே கற்றவற்றுள், மனித உடலின் அசைவைப் பகுத்து ஆராய்ந்த ருடால்ஃப் லாபானின் முறையோடு ஏற்பட்ட அறிமுகத்தை மட்டுமே அவர் மதித்தார். படிப்பை முடிக்காமலே வெளியேறினார்.

1934இல், கையில் பணமில்லாத நிலையில், லண்டனிலிருந்து வடக்கு நோக்கி நடந்தே செல்லத் துணிந்தார். லிவர்பூல் துறைமுகத்தில் கப்பலில் ஒளிந்துகொண்டு அமெரிக்கா போவது நோக்கமாக இருந்ததாகச் சொல்லப்படுகிறது. வழியில் உடல் சோர்ந்து, இறுதியில் அவர் சென்றடைந்தது மான்செஸ்டர். பஞ்சாலைகள் மூடிக்கிடந்த, வேலையில்லாதோர் தெருவெங்கும் நின்ற அந்த நகரத்தில்தான் அவருக்கு வேலையும் தோழர்களும் கிடைத்தனர். பிபிசியின் மான்செஸ்டர் நிலையம் அவரை வானொலிப் பணிக்கு அமர்த்தியது. நிலையத்துக்குள் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்த பயிற்சி பெற்ற குரல்களுக்கு மாற்றாக, சாதாரண மக்களின் பேச்சை அவர்கள் வாழும் இடத்துக்கே சென்று பதிவு செய்யும் முயற்சி அப்போது அங்கே நடந்துகொண்டிருந்தது. ஆலிவ் ஷாப்லியுடன் இணைந்து 1939இல் அவர் உருவாக்கிய ‘தி கிளாசிக் சாயில்’ என்னும் நிகழ்ச்சி, எங்கெல்ஸ் கண்ட மான்செஸ்டரையும் தம் காலத்து மான்செஸ்டரையும் அருகருகே வைத்துப் பார்த்தது. பின்னாளில் அவருடைய மேடையில் ஒலித்த உயிருள்ள பேச்சுக்கான செவிப் பயிற்சி அவருக்கு இங்கேயே கிடைத்தது என்று கொள்வது பொருந்தும்.

அந்நகரில் அவர் சந்தித்த ஜிம்மி மில்லர் என்னும் இளைஞர், பின்னாளில் யூவன் மக்கோல் என்ற பெயரில் நாட்டுப்பாடல் மறுமலர்ச்சியின் தலைவராக அறியப்பட்டவர். இருவரும் மணம் செய்துகொண்டனர். ‘தியேட்டர் ஆஃப் ஆக்‌ஷன்’ என்ற குழுவை 1934இலும், அதன் தொடர்ச்சியாகத் ‘தியேட்டர் யூனியன்’ என்ற குழுவை 1936இலும் நடத்தினர். தொழிற்சாலை வாயில்களிலும் தெருமுனைகளிலும் அரசியல் செய்தியைச் சுருக்கமாகவும் உரக்கவும் நடித்துக்காட்டும் கிளர்ச்சிப் பிரசார நாடகம் அவர்களின் தொடக்கம். ஆனால் அந்த அளவில் அவர்கள் நின்றுவிடவில்லை. ஜெர்மனியின் பிஸ்காட்டர், ரஷ்யாவின் மெயர்ஹோல்ட், மேடை ஒளியைப் பற்றிச் சிந்தித்த ஸ்விட்சர்லாந்தின் அப்பியா ஆகியோரின் கருத்துகளைக் கிடைத்த நூல்களிலிருந்து தாமாகவே பயின்றனர். ஸ்பானிய உள்நாட்டுப் போர்க் காலத்தில் லோப்பே டி வேகாவின் ‘ஃபுவெந்தே ஒவெஹுனா’வை மேடையேற்றினர்.

1940இல் அவர்கள் நடத்திய ‘லாஸ்ட் எடிஷன்’ ‘உயிருள்ள செய்தித்தாள்’ என்னும் வகையைச் சேர்ந்தது. நாளிதழ்ச் செய்திகளையும் ஆவணங்களையும் எடுத்து, பாடல், உரை, சிறு காட்சிகள் ஆகியவற்றால் கோத்து அரசியல் நிகழ்வுகளை விளக்கும் வடிவம் இது. போர்க் காலத்தில் அரசின் கொள்கையை வெளிப்படையாகச் சாடிய இந்நிகழ்ச்சியைக் காவல் துறை நிறுத்தியது. லிட்டில்வுட்டும் மில்லரும் பொது அமைதிக்குப் பங்கம் விளைவித்ததாகத் தண்டிக்கப்பட்டனர். பிபிசி சில காலம் அவருக்கு வேலை தர மறுத்தது. உளவுத் துறையான எம்ஐ5 அவரைப் பற்றிய கோப்பு ஒன்றைப் பல ஆண்டுகள் பராமரித்து வந்தது என்பது பின்னர் ஆவணங்கள் வெளியிடப்பட்டபோது உறுதியாயிற்று.

கூரையில்லாத குழு

போர் முடிந்த 1945ஆம் ஆண்டில், வடமேற்கு இங்கிலாந்தின் கெண்டல் என்னும் சிறு நகரத்தில், பழைய தோழர்களும் புதியவர்களும் கூடி ‘தியேட்டர் ஒர்க்‌ஷாப்’ என்ற குழுவைத் தொடங்கினர். பெயரிலுள்ள ‘பட்டறை’ என்னும் சொல் அவர்கள் மனமறிந்து தேர்ந்தது; நாடகம் ஒரு கைத்தொழில், அதை அன்றாடம் பழக வேண்டும் என்பது அதன் உட்பொருள். ஜெரி ராஃபிள்ஸ் என்னும் மான்செஸ்டர் இளைஞர் இக்குழுவின் நிர்வாகப் பொறுப்பை ஏற்று, காலப்போக்கில் லிட்டில்வுட்டின் வாழ்க்கைத் துணையும் ஆனார். கடன் வாங்குவது, வாடகை கட்டுவது, லாரி ஓட்டுவது, அதிகாரிகளோடு மல்லுக்கட்டுவது என்று ராஃபிள்ஸ் செய்த பணிகள் இல்லாமல் அக்குழு ஓராண்டுகூட நிலைத்திருக்காது என்பதை, அதன் வரலாற்றை எழுதியவர்கள் போதிய அளவு வலியுறுத்தவில்லை.

அடுத்த எட்டு ஆண்டுகள் அவர்களுக்கென ஓர் அரங்கு இல்லை. சுரங்கக் கிராமங்களிலும் பள்ளிக் கூடங்களிலும் நகர மன்றங்களிலும் ஓரிரவு நாடகங்களாக நடத்திச் சென்றனர். மிடில்ஸ்பரோ அருகே ஆர்ம்ஸ்பி ஹால் என்னும் மாளிகையின் உரிமையாளர்கள் சில காலம் இடம் தந்தனர். ஜெர்மனி, செக்கோஸ்லோவாக்கியா, ஸ்வீடன் ஆகிய நாடுகளுக்கும் சென்று வந்தனர். மக்கோல் எழுதிய ‘யுரேனியம் 235’ இக்காலத்தின் குறிப்பிடத்தக்க படைப்பு. அணு பற்றிய சிந்தனை பண்டைய கிரேக்கத்தில் தொடங்கி ஹிரோஷிமாவில் வந்து முடிந்த கதையை நடனம், பாடல், கேலிக்கூத்து, உரை எல்லாம் கலந்து அந்நாடகம் சொன்னது. கிடைத்த வருவாயைச் சமமாகப் பகிர்ந்துகொண்டனர். பகிர எதுவுமில்லாத வாரங்கள் பல.

வறுமையினூடே நடந்த பயிற்சியே இக்குழுவின் உண்மையான செல்வம். லிட்டில்வுட் இரண்டு மரபுகளை இணைத்தார். ரஷ்ய இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் முறைப்படி, பாத்திரம் ஒவ்வொரு கணத்திலும் எதை அடைய விரும்புகிறது என்று ஆராய்ந்து உள்ளிருந்து நடிப்பை வளர்ப்பது ஒன்று. அசைவை எடை, காலம், வெளி, ஓட்டம் என்னும் கூறுகளாகப் பிரித்து, ஒரு மனிதனின் இயல்பை அவன் நடக்கும் விதத்திலும் பொருளை எடுக்கும் விதத்திலும் கண்டறியும் லாபானின் முறை மற்றொன்று. லாபானின் உதவியாளராக இருந்த ஜீன் நியூலவ் குழுவில் சேர்ந்து இப்பயிற்சியைத் தொடர்ந்து நடத்தினார். இவ்விரண்டும் கலந்த பயிற்சியை நாள்தோறும் பெற்ற குழு அன்றைய பிரிட்டனில் வேறொன்று இல்லை. இங்கிலாந்தில் உடல்மொழியை மையமாகக் கொண்ட நடிப்பு பின்னாளில் பேசப்பட்டபோதெல்லாம் ஐரோப்பியப் பெயர்களே சொல்லப்பட்டன. தம் நாட்டிலேயே அது 1940களில் நடைமுறையில் இருந்ததைப் பலர் மறந்துவிட்டனர்.

1953இல் குழுவினர் ஸ்ட்ராட்ஃபோர்ட் கிழக்கில் உள்ள தியேட்டர் ராயலை வாரம் 20 பவுண்டு வாடகைக்கு எடுத்தனர். 1884இல் திறக்கப்பட்ட அந்த அரங்கு தரங்கெட்டுக் கிடந்தது. நடிகர்களே தரையைத் தேய்த்துக் கழுவினர், வண்ணம் பூசினர், கொதிகலனைச் சரிசெய்தனர். தங்க வேறிடம் இல்லாததால் ஒப்பனை அறைகளில் படுத்துக்கொண்டனர். பிப்ரவரி மாதம் ஷேக்ஸ்பியரின் ‘டுவெல்ஃப்த் நைட்’டுடன் கதவுகள் திறந்தன. லண்டனுக்கு வருவதை மக்கோல் ஏற்கவில்லை. ஓரிடத்தில் ஊன்றினால் விமர்சகர்களையும் மேற்கு லண்டன் பார்வையாளர்களையும் நோக்கி நாடகம் சாய்ந்துவிடும் என்று அவர் அஞ்சினார். விரைவில் குழுவை விட்டு விலகிப் பாடலின் பக்கம் சென்றார். அவர் அச்சத்தில் உண்மை இருந்தது என்பதைப் பத்தாண்டுகளுக்குள் நிகழ்ந்தவை காட்டின. ஆனால் ஊர் ஊராக அலைந்துகொண்டே இன்னொரு பத்தாண்டு அக்குழு தாக்குப்பிடித்திருக்கும் என்று நம்பவும் இடமில்லை.

ஸ்ட்ராட்ஃபோர்ட் ஆண்டுகள்

முதல் மூன்று ஆண்டுகளில் குழு பழம்பெரும் நாடகங்களையே பெரிதும் நடத்தியது. ஹாரி எச். கார்பெட் நடித்த ‘இரண்டாம் ரிச்சர்ட்’ அழகிய வசன ஒலிப்பை விடுத்து, அதிகாரம் கைநழுவும் மன்னனின் மனச்சிதைவைக் காட்டியது. அத்தகைய முயற்சிகளை லண்டன் பத்திரிகைகள் பெரும்பாலும் கண்டுகொள்ளாதிருந்த நிலையில், 1955இல் பாரிஸில் நடந்த சர்வதேச நாடக விழாவுக்குக் குழு அழைக்கப்பட்டது. போக்குவரத்துக்குப் பணமில்லாததால் நடிகர்கள் மேடைப் பொருட்களைத் தங்கள் கைச்சுமையாகவே எடுத்துச் சென்றனர். ‘ஆர்டன் ஆஃப் ஃபேவர்ஷம்’, பென் ஜான்சனின் ‘வால்போனி’ ஆகிய இரண்டும் அங்கே பெற்ற வரவேற்புதான் தாயகத்து விமர்சகர்களின் கண்களைக் கிழக்கு லண்டன் நோக்கித் திருப்பியது. அதே ஆண்டில் டெவன் மாவட்டத்தின் பார்ன்ஸ்டபிளில் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் ‘மதர் கரேஜ்’ நாடகத்தை முதன்முதலாகப் பிரிட்டனில் மேடையேற்றி, முதன்மைப் பாத்திரத்தைத் தாமே ஏற்றார் லிட்டில்வுட். அவரே நடிக்க வேண்டும் என்பது பிரெக்ட் தரப்பின் நிபந்தனை. இயக்கத்தையும் நடிப்பையும் ஒருசேரச் சுமந்த அந்த முயற்சி வெற்றி பெறவில்லை.

‘தி க்வேர் ஃபெல்லோ’வின் ஒத்திகை அவருடைய முறையை நன்கு விளக்குவது. மறுநாள் காலை தூக்கிலிடப்படவிருக்கும் கைதி ஒருவனைச் சுற்றி ஒரு டப்ளின் சிறையில் நிகழ்வன நாடகத்தின் பொருள். அக்கைதி மேடைக்கு வருவதே இல்லை. லிட்டில்வுட் நடிகர்களுக்கு உடனே பாத்திரங்களைப் பிரித்துத் தரவில்லை. அரங்கின் மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று, சிறை முற்றத்தில் கைதிகள் உடற்பயிற்சிக்காக வட்டமாக நடப்பதுபோல் நீண்ட நேரம் நடக்கவைத்தார். அறையைக் கழுவுதல், ஒளித்துப் புகைத்தல், காவலர் கண்ணில் படாமல் பேசுதல் என்று சிறை நாளின் சிறு செயல்களையெல்லாம் பயிலவைத்தார். இம்ப்ரொவைசேஷன் எனப்படும் இப்பயிற்சியில், எழுதப்பட்ட வசனம் இல்லாமல், சூழலை மட்டும் வைத்துக்கொண்டு நடிகர்கள் அந்தந்தக் கணத்தில் பேச்சையும் அசைவையும் உருவாக்குகின்றனர். அலுப்பும் அற்ப நகைச்சுவையும் உடம்பில் ஊறிய பிறகே பிரதி அவர்கள் கைக்கு வந்தது. மரண தண்டனையைப் பற்றிய விவாதம் நாடெங்கும் நடந்துகொண்டிருந்த ஆண்டில், மேடையில் ஒரு சொற்பொழிவும் இல்லாமலே தூக்குத் தண்டனையின் கொடுமையைப் பார்வையாளர் உணர்ந்தனர்.

1958ஆம் ஆண்டு அக்குழுவின் உச்சம். சால்ஃபோர்டைச் சேர்ந்த 19 வயது ஷீலா டெலானி தபாலில் அனுப்பிய ‘எ டேஸ்ட் ஆஃப் ஹனி’ மே மாதம் மேடையேறியது. பொறுப்பற்ற தாய், கறுப்பின மாலுமியால் கருவுற்ற அவள் மகள், அம்மகளைப் பரிவோடு கவனித்துக்கொள்ளும் தற்பாலின ஈர்ப்புள்ள ஓர் இளைஞன் என்ற மூவரின் வாழ்க்கையை இரக்கம் கோராமல், குற்றம் சாட்டாமல் சொன்ன நாடகம் அது. மேடையிலேயே ஒரு சிறு ஜாஸ் இசைக்குழு அமர்ந்து வாசித்தது. தாயாக நடித்த ஏவிஸ் பன்னிஜ் அவ்வப்போது பார்வையாளரை நோக்கித் திரும்பி அவர்களோடு நேராகப் பேசினார். தொழிலாளர் வர்க்கத்தின் பழைய கேளிக்கை மேடையான மியூசிக் ஹாலில் பாடகரும் கோமாளியும் கையாண்ட உத்தி இது. அதை லிட்டில்வுட் தீவிர நாடகத்துக்குள் கொண்டுவந்தார். அக்டோபரில் பீஹனின் ‘தி ஹாஸ்டேஜ்’ வந்தது. ஐரிஷ் மொழியில் சிறிய, அடங்கிய நாடகமாக இருந்த அது, ஸ்ட்ராட்ஃபோர்டில் பாட்டும் ஆட்டமும் நடப்புச் செய்திகள் மீதான கேலியும் நிறைந்த பெரும் கூத்தாக மாறியது.

இவ்விடத்தில் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது: இந்நாடகங்களை எழுதியவர் யார்? டெலானியின் பிரதியும் பீஹனின் பிரதியும் ஒத்திகையில் வெட்டப்பட்டன, திருப்பி அடுக்கப்பட்டன, சேர்க்கப்பட்டன. எழுத்தாளரின் குரலை இயக்குநர் விழுங்கிவிட்டார் என்று அன்றும் இன்றும் குறைகூறுவோர் உண்டு. ‘தி ஹாஸ்டேஜ்’ விஷயத்தில், ஐரிஷ் மூலத்தின் இறுக்கம் லண்டன் வடிவத்தில் தளர்ந்துவிட்டது என்ற குற்றச்சாட்டு நியாயமானதே. டெலானியைப் பொறுத்தவரை அக்கருத்து ஏற்கத்தக்கதன்று. அந்நாடகத்தின் பேச்சும் துணிவும் அப்பெண்ணுடையவை; வேறெந்த லண்டன் அரங்கும் அப்பிரதியைப் பெற்ற சில வாரங்களில் மேடையேற்றியிருக்காது. எழுத்தாளர், நடிகர், இயக்குநர், ஒளி அமைப்பவர் அனைவரும் சேர்ந்து உருவாக்குவதே நாடகம் என்று லிட்டில்வுட் கருதினார். அக்கருத்து அவருக்கு இருந்த அளவற்ற அதிகாரத்தையும் சில வேளைகளில் மறைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு காட்சிக்குப் பின்னும் அவர் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய கூரிய குறிப்புகளைப் படித்துக் கலங்கிய நடிகர்கள் பலர். அக்குறிப்புகளால்தான் தாங்கள் நடிகர்களானோம் என்று பின்னாளில் சொன்னவர்களும் அவர்களே.

பிரதி நாளுக்கு நாள் மாறும் இம்முறை சட்டத்தோடு மோதியது. பிரிட்டனில் மேடையேறும் ஒவ்வொரு நாடகமும், அரண்மனை அதிகாரியான லார்ட் சேம்பர்லினின் முன் அனுமதியைச் சொல்லுக்குச் சொல் பெற்றிருக்க வேண்டும் என்பது 18ஆம் நூற்றாண்டிலிருந்து தொடர்ந்த விதி. கட்டுமானத் தொழிலாளரான ஹென்றி சாப்மன் எழுதிய ‘யூ வோன்ட் ஆல்வேஸ் பி ஆன் டாப்’ நாடகத்தில், வடிவமைப்பாளர் ஜான் பெரி மேடையில் ஒரு கட்டட வேலைத்தளத்தையே எழுப்ப, நடிகர்கள் மெய்யாகவே செங்கல் அடுக்கினர். வேலைத்தளப் பேச்சு இரவுக்கு இரவு மாறியது. பொதுக் கழிப்பிடம் ஒன்றைத் திறந்துவைக்கும் காட்சியில் சர்ச்சிலின் குரலைப் போலிசெய்ததும் அதில் அடக்கம். அனுமதி பெறாத வசனங்களைப் பேசியதற்காக 1958இல் லிட்டில்வுட், ராஃபிள்ஸ், சாப்மன், பெரி, நடிகர் ரிச்சர்ட் ஹாரிஸ் ஆகியோர் மீது வழக்குத் தொடரப்பட்டது. ஜெரால்ட் கார்டினர் போன்ற முன்னணி வழக்கறிஞர்கள் கட்டணமின்றி வாதாடினர். மிகச் சிறிய அபராதத்தோடு வழக்கு முடிந்தது. தணிக்கை முறையின் பொருத்தமின்மையைப் பொதுமக்கள் பார்வைக்குக் கொண்டுவந்த வழக்குகளுள் இதுவும் ஒன்று. 1968ஆம் ஆண்டின் சட்டம் அம்முறையை ஒழித்தது.

வெற்றியின் விலை

ஸ்ட்ராட்ஃபோர்டில் வெற்றி பெற்ற நாடகங்கள், லண்டனின் வணிக நாடக வட்டாரமான வெஸ்ட் எண்டுக்கு அடுத்தடுத்து மாற்றப்பட்டன. ‘எ டேஸ்ட் ஆஃப் ஹனி’, ‘தி ஹாஸ்டேஜ்’, ‘மேக் மீ அன் ஆஃபர்’ ஆகியவை 1959இல் அங்கே சென்றன. முன்னாள் சிறைவாசியான ஃபிராங்க் நார்மன் எழுதி, லயனல் பார்ட் பாடல்கள் சேர்த்த ‘ஃபிங்ஸ் எய்ன்ட் வாட் தே யூஸ்ட் டு பி’ 1960இல் சென்றது. வெளிப்பார்வைக்கு இது புகழின் உச்சியாகத் தெரிந்தது. கணக்கேட்டின் பார்வையில் இது வேறு வழியில்லாமை. கலைகளுக்கு அரசுப் பணத்தைப் பங்கிடும் ஆர்ட்ஸ் கவுன்சில் இக்குழுவுக்குத் தந்த தொகை, ராயல் கோர்ட் போன்ற அரங்குகள் பெற்றதோடு ஒப்பிட அற்பமானது. நாடகத்தை வெஸ்ட் எண்டுக்கு விற்றால் மட்டுமே கடனை அடைத்து அடுத்த நாடகத்தைத் தொடங்க முடியும் என்ற நிலைக்குக் குழு தள்ளப்பட்டது.

ஒரு நாடகம் வெஸ்ட் எண்டில் ஓராண்டு ஓடினால், அதன் நடிகர்கள் ஓராண்டு ஸ்ட்ராட்ஃபோர்டுக்குத் திரும்ப முடியாது. இரண்டு மூன்று நாடகங்கள் ஒரே காலத்தில் ஓடினால், பத்தாண்டு பயின்று உருவான குழுவில் பயிற்சி வகுப்புக்கு வர ஒருவரும் மிஞ்சமாட்டார். ஒரே வசனத்தை ஒரே விதமாக நூறு இரவுகள் பேசிய நடிகர், லிட்டில்வுட் வலியுறுத்திய நெகிழ்வை இழந்தார். திரைப்படமும் தொலைக்காட்சியும் அவரை அழைத்துக்கொண்டன. இடைவெளியை நிரப்ப வந்த புதியவர்கள் திறமைசாலிகளாயிருந்தும், அவர்களைப் பயிற்றுவிக்க நேரம் இல்லை. பார்வையாளரும் மாறினர்: ஸ்ட்ராட்ஃபோர்டுவாசிகளுக்காகக் கட்டிய அரங்கின் முன் மேற்கு லண்டனிலிருந்து வந்த கார்கள் நின்றன. மானியம் தர மறுத்த அமைப்பு இந்தச் சிதைவுக்குப் பெரும் பொறுப்பு ஏற்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஒரு நாட்டின் மிகச் சிறந்த நடிப்புக் குழுவை அதன் சந்தை மதிப்புக்கு விட்டுவிட்டது அக்காலத்துப் பண்பாட்டுக் கொள்கையின் பெரிய தோல்வி. 1961இல் லிட்டில்வுட் குழுவை விட்டு விலகினார்.

இரண்டாண்டு கழித்து அவர் திரும்பி வந்தது, அவருடைய படைப்புகளுள் தலையாயதை உருவாக்குவதற்காக. வானொலித் தயாரிப்பாளர் சார்ல்ஸ் சில்டன், முதல் உலகப்போரில் உயிரிழந்த தம் தந்தையின் கல்லறையைத் தேடி பிரான்சின் அராஸ் நகருக்குச் சென்றார். அங்கே கல்லறை இல்லை; புதைவிடம் அறியப்படாத 35 ஆயிரம் பேரின் பெயர்களோடு தந்தையின் பெயரும் சுவரில் பொறிக்கப்பட்டிருந்தது. இத்தனை பேர் எப்படி அடையாளமில்லாமல் மறைந்தனர் என்ற கேள்வியோடு, படைவீரர்கள் பதுங்குகுழிகளில் பாடிய பாடல்களைத் தொகுத்து அவர் ஒரு வானொலி நிகழ்ச்சியை உருவாக்கினார். அதைக் கேட்ட ராஃபிள்ஸ், இது மேடைக்கு உரியது என்று உணர்ந்தார். நடிகர்கள் போர் வரலாறுகளையும் நினைவுக்குறிப்புகளையும் பகிர்ந்து படித்து, ஒத்திகையில் காட்சிகளாக்கினர். 1963 மார்ச்சில் ‘ஓ வாட் எ லவ்லி வார்’ மேடையேறியது.

காக்கிச் சீருடை மேடையில் தோன்றக்கூடாது என்பது லிட்டில்வுட்டின் முடிவு. நடிகர்கள் அனைவரும் பியரோ உடையில் வந்தனர். கடற்கரை ஊர்களில் கோடை விடுமுறைக் கூட்டத்தை மகிழ்விக்கும், வெண்ணிறத் தொளதொள ஆடை அணிந்த கோமாளிப் பாடகர்களின் உடை அது. அதன்மேல் ஒரு தொப்பியோ இடைவாரோ அணிந்தால் ஒருவர் தளபதியாவார், கழற்றினால் மீண்டும் கோமாளி. பின்னணித் திரையில் போர்முனையின் உண்மையான புகைப்படங்கள் தோன்ற, அவற்றுக்கு மேலே மின்விளக்குப் பலகையில் போர்களின் பெயர்களும் இறந்தோர் எண்ணிக்கையும் கைப்பற்றிய நிலத்தின் அளவும் ஓடிக்கொண்டிருந்தன. கீழே பாட்டு, மேலே எண். இரண்டில் ஒன்றை மட்டும் பார்க்க முடியாதபடி பார்வையாளரை இருத்திய இந்த ஏற்பாடு, போர் பற்றி மேடை கண்டறிந்த மிக நேர்மையான வடிவங்களுள் ஒன்று. விக்டர் ஸ்பினெட்டி நடித்த பயிற்சி சார்ஜென்ட், வீரர்களைப் பொருளற்ற உறுமல்களால் விரட்டும் காட்சியில் அரங்கே சிரிப்பில் குலுங்கியது. ஆட்டுமந்தைபோல் கத்திக்கொண்டு குண்டுமழைக்குள் முன்னேறும் பிரெஞ்சு வீரர்களின் காட்சியில் அச்சிரிப்பு உறைந்தது.

தளபதி ஹெய்கை ஈவிரக்கமற்றவராகக் காட்டியது ஒருதலையானது என்று இராணுவ வரலாற்றாளர்கள் எதிர்த்தனர். வரலாற்று நூலாக எடைபோட்டால் அவ்வெதிர்ப்பில் வலு உண்டு. ஆனால் இந்நாடகத்தின் ஆதாரம் தளபதிகளின் அறிக்கைகளைக் காட்டிலும் சாதாரண வீரர்களின் பாடல்கள், அவற்றில் தளபதிகளைப் பற்றிச் சொல்லப்பட்டதை அது மாற்றவில்லை. வெஸ்ட் எண்டுக்குச் சென்றபோது முடிவின் கடுமை தணிக்கப்பட்டது. நாடகம் 1964இல் நியூயார்க்கின் பிராட்வேயையும் அடைந்து, ஸ்பினெட்டிக்கு டோனி விருதைப் பெற்றுத் தந்தது. ரிச்சர்ட் அட்டன்பரோ 1969இல் அதைப் பெரும் நட்சத்திரங்களோடு திரைப்படமாக்கினார். மேடையின் ஏழ்மையான உத்திகளில் இருந்த வலிமை அத்திரைப்படத்தின் செழிப்பில் குறைந்துவிட்டது.

கட்டப்படாத அரங்கு

1961 முதல் லிட்டில்வுட்டின் மனத்தை நிறைத்திருந்தது வேறொரு கனவு. கட்டடக் கலைஞர் செட்ரிக் பிரைஸுடன் இணைந்து அவர் திட்டமிட்ட ‘ஃபன் பேலஸ்’, பார்வையாளர் என்றும் நடிகர் என்றும் பிரிவில்லாத பொது இடமாக அமைய வேண்டியிருந்தது. இரும்புச் சட்டகம் ஒன்றின்மேல் நகரும் பாரந்தூக்கிகளின் உதவியால் சுவரும் தளமும் கூரையும் தேவைக்கேற்ப இடம் மாறும். வேலை முடிந்து வருவோர் அங்கே இசை கற்கலாம், கருவிகளைப் பழுதுபார்க்கலாம், அறிவியல் சோதனை செய்யலாம், நடிக்கலாம், சும்மாவும் இருக்கலாம். இயந்திரங்களும் உயிர்களும் தம்மைத் தாமே நெறிப்படுத்திக்கொள்ளும் விதத்தை ஆராயும் சைபர்னெட்டிக்ஸ் துறையின் அறிஞர் கோர்டன் பாஸ்க் இத்திட்டத்தில் பங்கேற்றார்; அமெரிக்கக் கட்டட வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர், வயலின் கலைஞர் யெஹூதி மெனுஹின் ஆகியோர் அறங்காவலர்களாயினர். கிழக்கு லண்டனின் லீ ஆற்றுப் பள்ளத்தாக்கில் இடமும் பார்க்கப்பட்டது. உள்ளாட்சி அமைப்புகளின் தயக்கத்தில் திட்டம் தேய்ந்தது. 1977இல் பாரிஸில் திறக்கப்பட்ட பாம்பிடு மையத்தின் வெளித்தெரியும் இரும்புச் சட்டகத்திலும் நெகிழ்வான தளங்களிலும் இத்திட்டத்தின் சாயல் இருப்பதைக் கட்டடக் கலை வரலாறு ஏற்றுக்கொண்டுள்ளது.

அதன்பின் வந்த நாடகங்களை விரிவாகப் பேச வேண்டியதில்லை. லயனல் பார்ட்டின் ‘டுவாங்’ 1965இல் படுதோல்வி கண்டது, லிட்டில்வுட் இடையிலேயே விலகிவிட்டார். 1967இல் பிரதமர் வில்சனின் வீட்டைக் கேலிசெய்த ‘மிசஸ் வில்சன்ஸ் டைரி’ ஓடியது. ஸ்ட்ராட்ஃபோர்டின் பழைய தெருக்கள் இடிக்கப்பட்டு, தியேட்டர் ராயல் மட்டும் வெற்று நிலத்தின் நடுவே நின்ற காலத்தில், அதைக் காப்பாற்ற ராஃபிள்ஸ் போராடினார். 1972இல் அது பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது. 1975இல் ராஃபிள்ஸ் பிரான்சின் வியென் நகரில், ஐம்பதைச் சற்றே கடந்த வயதில் இறந்தார். லிட்டில்வுட் அங்கேயே தங்கினார்; அதன்பின் ஒரு நாடகத்தையும் இயக்கவில்லை. பிரெஞ்சு ஒயின் தயாரிப்பாளர் பிலிப் டி ராத்ஸ்சைல்டின் நினைவுக்குறிப்பை எழுத உதவியதும், 1994இல் ‘ஜோன்ஸ் புக்’ என்ற தன்வரலாற்றை வெளியிட்டதுமே அவருடைய பிற்காலப் பணிகள். இயக்கும் ஆற்றல் வற்றிவிட்டதாலன்று, தாம் இயக்குவதற்கு வேண்டிய குழுவும் அதைத் தாங்கிய மனிதரும் இல்லாமற்போனதாலேயே அவர் மேடைக்குத் திரும்பவில்லை என்று கொள்வதே அவர் வாழ்க்கையின் போக்குக்கு ஒத்தது. 2002 செப்டம்பர் 20 அன்று லண்டனில் காலமானார்.

தியேட்டர் ராயல் இன்றும் இயங்குகிறது. அதன் முன்னுள்ள திடலுக்கு ராஃபிள்ஸின் பெயர் இடப்பட்டுள்ளது, லிட்டில்வுட்டின் சிலை 2015இல் அங்கே வைக்கப்பட்டது. அவருடைய நூற்றாண்டான 2014இல், எழுத்தாளர் ஸ்டெல்லா டஃபி முன்னெடுத்த முயற்சியால், அக்டோபர் மாதத்தின் ஒரு வார இறுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் ‘ஃபன் பேலஸ்’ என்ற பெயரில் நிகழ்ச்சிகள் நடந்தன. நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் சமூகக் கூடங்களிலும் உள்ளூர் மக்களே தமக்குத் தெரிந்த கலையையும் அறிவியலையும் ஒருவருக்கொருவர் கட்டணமின்றிக் கற்றுத்தரும் ஏற்பாடு இது. பிரைஸ் வரைந்த இரும்புச் சட்டகமோ நகரும் கூரையோ இவற்றில் இல்லை. அந்தந்த ஊரார் தமக்குக் கிடைத்த கூடத்தில் நடத்தத் தொடங்கிய இந்நிகழ்ச்சிகள் ஆண்டுதோறும் தொடர்ந்தன.